எறும்பின் ஹெல்மெட்

“பாட்டி, ஒரு ஜோக் சொல்லட்டுமா?”

“சொல்லுடா கண்ணா.”

“ஒரு எறும்பு ஹெல்மெட் போட்டுக்கிட்டு யானையோட சைக்கிள்ல போச்சாம். தொபுக்கடீர்னு ரெண்டும் கீழே விழுந்துடுச்சாம். யானைக்கு மண்டையில பெரிய காயமாம். எறும்புக்கு ஒண்ணுமே ஆகலையாம். ஏன் சொல்லு?”

விடை முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. பாட்டிக்கும் அது தெரியும். இருந்தாலும் “தெரியலையேப்பா” என்கிறாள். “ஏன்னா, எறும்பு ஹெல்மெட் போட்டிருந்துச்சு!” என்று சொல்லிவிட்டுப் பேரன் தரையில் உருண்டு சிரிக்கிறான். பாட்டியும் சிரிக்கிறாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு மூட்டியது எறும்பு அல்ல, பேரன்.

ஐந்தாறு வயதில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். கேட்டுச் சிரித்துவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. “அப்படிச் சொல்லக் கூடாதுடா, நிறுத்தி நிதானமா, ஏற்ற இறக்கத்தோட சொல்லணும்” என்று நாடக வாத்தியாராக மாறுகிறவர்கள் இன்னொரு வகை. குழந்தையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ‘ஒண்ணுமே ஆகலையாம்’ என்று கண்ணை அகல விரித்து அவன் சொல்லும் அழகு பெரிய நடிகர்களுக்கே வராது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தனக்குத் தெரிந்த ஒன்று பாட்டிக்கு இன்னும் தெரியாது, அந்தத் தெரியாமைதான் ஜோக்கின் மூலதனம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜோக் சொல்லக் கற்றுக்கொடுப்பது என்றால் முதலில் இதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். குரலும் முகபாவமும் அதற்கு அப்புறம்.

கேட்பவர் பக்கத்திலிருந்து பார்ப்போம். யானைக்குக் காயம், எறும்புக்கு இல்லை என்றவுடன் மனம் காரணம் தேடி ஓடும். எறும்பு லேசானது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது (இயற்பியல்படி இது சரியான விடையும்கூட). அல்லது எறும்பு யானை மேலேயே விழுந்திருக்கலாம். இப்படி நியாயமான வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெல்மெட் குறுக்கே வருகிறது. ஒரு கணம் திகைப்பு. மறுகணம், ‘ஹெல்மெட் போட்டால் அடிபடாதுதானே’ என்ற கோணல் நியாயம் புரிந்துவிடுகிறது.

சிரிப்பை இப்படிப் பார்ப்பது பழைய வழக்கம். ஏறிக்கொண்டே போகும் எதிர்பார்ப்பு திடீரென்று ஒன்றுமில்லாமல் போவதுதான் சிரிப்புக்குக் காரணம் என்ற கருத்தை 1790-இல் இம்மானுவேல் கான்ட் எழுதிவைத்தார். 1972-இல் அமெரிக்க உளவியலாளர் ஜெர்ரி சல்ஸ் அதை இரண்டு கட்டமாக விரித்தார். எதிர்பார்ப்பு உடைந்தால் மட்டும் போதாது, உடைந்தது எப்படிப் பொருந்துகிறது என்று கேட்பவர் தானே கண்டுபிடிக்கவும் வேண்டும். திகைப்பு இருந்து தெளிவு வராவிட்டால் அது ஜோக் இல்லை, புதிர். திகைப்பே வராவிட்டால் வெறும் தகவல். நம் பேரன் பாட்டிக்குத் தந்தது தகவல்.

எதிர்பார்ப்பு என்பது ஏதோ தத்துவச் சொல் என்று நினைக்க வேண்டாம். மண்டையில் மின்முனைகளைப் பொருத்தி அதை அளக்கவே முடியும். 1980-இல் கலிஃபோர்னியாவில் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். சூடான ரொட்டியில் ஒருவர் எதையோ தடவுகிறார் என்று வாக்கியம் போகும். படிப்பவர் வெண்ணெயை எதிர்பார்த்திருக்கும்போது கடைசிச் சொல்லாகக் காலுறை வரும். அந்தச் சொல்லைப் பார்த்துச் சுமார் 400 மில்லி நொடிகளில் மூளையின் மின்னலையில் ஒரு பெரிய அசைவு தெரிந்தது. அதற்கு ‘என்400’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாம் கேட்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அடுத்த சொல்லுக்கு மூளை முன்கூட்டியே இடம் போட்டுவைக்கிறது. ஜோக் சொல்பவர் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்கிறார்.

அப்படியானால் குழந்தைக்கு நகைச்சுவை எப்போது வருகிறது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலாவதாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறது. இளமை என்பதற்குப் பிள்ளைத்தன்மை என்று உரை சொல்வார்கள். அதாவது குழந்தை சிரிப்புக்குப் பொருளாகிறது. குழந்தையே சிரிப்பை உண்டாக்கும் ஆள் என்பதை நாம் கவனிக்கத் தொடங்கியது மிகச் சமீபத்தில்தான். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாசுதேவி ரெட்டி, பேச்சு வராத கைக்குழந்தைகளின் குறும்புகளைப் பல ஆண்டுகள் பதிவு செய்தார். எட்டு ஒன்பது மாதக் குழந்தை பொம்மையை அப்பாவிடம் நீட்டும், அப்பா கை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கும். எதிர்பார்ப்பை உண்டாக்கி உடைக்கும் வேலை அப்போதே தொடங்கிவிடுகிறது, சொல் இல்லாமல். எலினா ஹொய்க்கா 2008-இல் மெரிடெத் காட்டிஸுடன் செய்த சோதனை இன்னும் சுவையானது. ஒரு பெரியவர் ஒரு காரியத்தை வேண்டுமென்றே தப்பாகச் செய்துவிட்டுச் சிரித்தார். இன்னொரு முறை அதேபோல் தப்பாகச் செய்துவிட்டு ‘அடடா’ என்றார். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் சிரித்த தப்பை அப்படியே காப்பியடித்தன, அடடாவைத் திருத்திச் செய்தன. எது விளையாட்டு, எது பிழை என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு வயதில் தெரிந்த விஷயம் ஆறு வயதில் ஏன் சொதப்புகிறது? சொல்லால் ஆன ஜோக் வேறு ரகம் என்பதால்தான். பால் மக்கீ 1979-இல் வெளியிட்ட நூலில் இதைப் படிப்படியாகக் காட்டினார். ஒன்றரை வயதில் செருப்பைக் காதில் வைத்து ‘ஹலோ’ என்பது. அடுத்து நாயைப் பூனை என்று வேண்டுமென்றே தப்பாக அழைப்பது. மூன்று வயதுக்கு மேல் சைக்கிள் ஓட்டும் யானை, ஹெல்மெட் போட்ட எறும்பு. ஏழு வயதை ஒட்டித்தான் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கும் ஜோக் புரிகிறது.

இதை ஒரு ஜோக்கால் சோதித்துப் பார்க்கலாம். வகுப்பில் பின்னம் நடத்துகிறார் ஆசிரியர். “ரெண்டு கால் சேர்ந்தா என்னடா?” மாணவன்: “நடக்கலாம் சார்!” ஒன்பது வயதுப் பிள்ளை இதற்குச் சிரிக்கும், உடனே தங்கையிடம் ஓடிப்போய்ச் சொல்லும். ஐந்து வயதுத் தங்கையும் சிரிப்பாள். பிறகு அவள் தன் தோழியிடம் இப்படிச் சொல்வாள்: “ரெண்டு கால் சேர்ந்தா என்ன? யானை!” தோழிகள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கேள்வி, பதில், சிரிப்பு என்ற சட்டகம் அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் இரட்டைப் பொருள் இன்னும் பிடிபடவில்லை. தாமஸ் ஷுல்ட்ஸ் 1970-களில் கண்டதும் இதுதான். பொருத்தமான ஜோக்கையும், அதிலிருந்து பொருத்தத்தை உருவிவிட்டு வெறும் அபத்தமாக்கிய வடிவத்தையும் அவர் பிள்ளைகளிடம் சொன்னார். ஆறு வயதினருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேடிக்கையாக இருந்தன. எட்டு வயது முதல் பொருத்தமுள்ளதுதான் பிடித்தது. அதனால் ‘யானை’ என்று சொல்லும் குழந்தையைத் திருத்தாதீர்கள். அவளுடைய உலகத்தில் அது நல்ல ஜோக்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. குழந்தைக்கு அதிகச் சிரிப்பு வருவது மிகச் சுலபமான ஜோக்கிலும் இல்லை, மிகக் கடினமானதிலும் இல்லை, நேற்றுத்தான் புரியத் தொடங்கிய விஷயத்தைத் தொடும் ஜோக்கில்தான். மக்கீ பயன்படுத்திய ஒரு ஜோக்கில், முழு பீட்சா வாங்கியவரிடம் ஆறு துண்டாக வெட்டவா, எட்டாக வெட்டவா என்று கேட்கிறார்கள். எட்டு என்னால் சாப்பிட முடியாது, ஆறே போதும் என்கிறார் அவர். துண்டாக வெட்டினால் அளவு மாறாது என்பதே புரியாத குழந்தைக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு இது சப்பை. அண்மையில் அந்த உண்மையைப் பிடித்த பிள்ளைகள்தான் அதிகம் ரசித்தார்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் இன்றும் நடித்துக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணவும் கழிக்கவும் இப்போதுதான் கற்ற மூளைக்கு, கையில் இருக்கும் ஒரே பழம் எப்படி இன்னொரு பழமாகவும் இருக்க முடியும் என்ற அந்தச் சண்டை ஒரு விருந்து. மீதிப் பாதி கவுண்டமணியும் செந்திலும்.

ஜோக் புரிவது ஒன்று. சொல்வது அதைவிடக் கடினம். சொல்வதற்கு எதிரே இருப்பவரின் மனம் வேண்டும். 1983-இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் இருவரும் செய்த சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் அம்மா வைத்த இடத்தையே காட்டுகின்றன. தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்பது அவற்றின் கணக்கு. நான்கு ஐந்து வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியான விடை வருகிறது. சூசன் பர்ச்சும் பால் புளூமும் 2003-இல் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். பொம்மைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று குழந்தைக்குக் காட்டிவிட்டு, இது கைப்பொம்மை பெர்ஸிக்கும் தெரியுமா என்று கேட்டார்கள். தனக்கு விடை தெரிந்துவிட்டால் பெர்ஸிக்கும் தெரியும் என்று சொல்லும் சாய்வு மூன்று நான்கு வயதில் பலமாக இருந்தது, ஐந்து வயதில் தளர்ந்தது.

தளர்ந்தது என்றுதான் சொல்கிறேன், போய்விடவில்லை. நமக்கும் அது உண்டு. கூட்டத்தில் வேகவேகமாக ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காததால் “அந்த மேனேஜர் குட்டையா இருப்பார்னு சொல்ல மறந்துட்டேன்” என்று பின்னோட்டம் விடும் பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா? சொல்ல வேண்டியதை விழுங்குவதும், மறைக்க வேண்டியதைக் கொட்டுவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். தனக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்ற நினைப்பு அது.

ஜோக்குக்கு இன்னும் ஒரு மாடி ஏற வேண்டியிருக்கிறது. பாட்டிக்குத் தெரியாது என்று நான் அறிவேன். நான் விளையாடுகிறேன் என்று பாட்டி அறிவாள் என்பதையும் நான் அறிய வேண்டும். இல்லாவிட்டால் ஜோக், பொய்யாகிவிடும். எல்லன் வின்னரும் கேட் சல்லிவனும் 1995-இல் இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தார்கள். ஒருவர் இன்னொருவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைப் பற்றி நினைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் பொய்யையும் ஜோக்கையும் பிரிக்க முடிந்தது. “அம்மா, உன் முதுகுல பல்லி!” என்று கத்தி அம்மாவை அலற வைத்துவிட்டு, ‘சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்’ என்னும் ஆறு வயதுக்காரன் இந்த மாடிப்படியில் பாதி வழியில் நிற்கிறான். அவனை ‘பொய் சொல்றியா’ என்று அடிப்பது நியாயமில்லை.

தமிழில் சொல்லும் குழந்தைக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. பிறர் பேச்சை நாம் சொல்லும்போது, ‘என்று சொன்னான்’ என்பது பேச்சுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். “ரெண்டு கால் சேர்ந்தா என்னன்னு சார் கேட்டாராம், நடக்கலாம்னு அந்தப் பையன் சொன்னானாம்.” சிரிப்பு ‘நடக்கலாம்’ என்ற இடத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று சொற்கள் இழுபடுகின்றன. எதிர்பாராத சொல்லுக்கு மூளை திகைக்கவே கிட்டத்தட்ட அரை நொடி ஆகிறது என்று பார்த்தோம். அந்த அரை நொடியில்தான் குழந்தை ‘அந்தப் பையன் சொன்னானாம்’ என்று பேசிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் சிரிக்க வாய் திறப்பதற்குள் காது மறுபடி வேலைக்குப் போய்விடுகிறது.

அனுபவசாலிகள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனித்தால் தெரியும். “அதுக்கு அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா?” என்று யார் சொன்னது என்பதை முன்னாலேயே தீர்த்துவிட்டு, “நடக்கலாம் சார்!” என்று மொட்டையாக முடிப்பார்கள். சிரிப்பு வெடிக்கும் அந்த ‘பஞ்ச்’ வரிக்குப் பின்னால் ஒரு எழுத்துகூட இருக்காது. ஆனந்த விகடன், குமுதம் ஜோக்குகளின் வடிவத்தைப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் ஒருவர் கேட்பார், அடுத்த வரியில் இன்னொருவர் பதில் சொல்வார். கேட்டான், சொன்னான் எதுவும் கிடையாது. யார் பேசுகிறார்கள் என்பதைப் படம் பார்த்துக்கொள்ளும். மாலி, கோபுலு போன்றவர்களின் கோடு அந்த வேலையைச் செய்தது. வாயால் சொல்லும்போது படத்தின் வேலையைக் குரல் செய்ய வேண்டும். வாத்தியாருக்குக் கொஞ்சம் கனத்த குரல், பையனுக்குக் கீச்சுக்குரல். குரல் மாற்றம் அழகுக்காக அல்ல, ‘என்று சொன்னான்’ என்பதைத் தூக்கியெறிவதற்காக.

‘பஞ்ச் வரிக்கு முன்னால் நிறுத்து’ என்ற அறிவுரையும் இங்கே வருகிறது. சால்வடோர் அட்டார்டோ, லூசி பிக்கரிங் உள்ளிட்டோர் அமெரிக்காவில் ஜோக் சொல்பவர்களின் குரலைப் பதிவு செய்து, இடைவெளி, சுருதி, ஒலியளவு எல்லாவற்றையும் அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் நம்புவதற்கு மாறாக, கடைசி வரிக்கு முன்னால் குறிப்பிடத்தக்க இடைவெளி இல்லை. குரலும் உயரவில்லை. பேச்சு முடியும் இடத்தில் இயல்பாக எப்படித் தாழுமோ அப்படித்தான் தாழ்ந்தது. மேடைக் கலைஞர்களின் கணக்கு வேறு, அவர்கள் கூட்டத்தின் சிரிப்பு அடங்கக் காத்திருப்பார்கள். நடுக்கூடத்தில் ஜோக் சொல்லும் குழந்தைக்கு ‘நிறுத்து, இப்போ மெதுவா’ என்று பயிற்சி கொடுத்தால், வரப்போவதை அறிவிக்கும் ஒலிபெருக்கியாக அவன் மாறிவிடுவான்.

‘நீயே சிரிக்காதே’ என்பது அடுத்த அறிவுரை. ராபர்ட் புரொவைன் பொது இடங்களில் மக்கள் பேசிச் சிரிப்பதைச் சுமார் 1,200 முறை கவனித்துக் குறித்துக்கொண்டார். கேட்பவரைவிடப் பேசுபவர் ஏறக்குறைய 46 சதவீதம் அதிகமாகச் சிரிக்கிறார். சிரிப்புக்கு முன் சொல்லப்பட்டவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கது பத்தில் ஒன்றோ இரண்டோதான். சிரிப்பு முதலில் ஒட்டுறவுக்கான ஓசை, பிறகுதான் ரசனைக்கான சான்றிதழ். 2018-இல் காஸ்பர் ஆடிமன் குழு, இரண்டரை முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு கார்ட்டூன் காட்டியது. தனியே பார்த்தபோது சிரித்ததைப் போல எட்டு மடங்கு, பக்கத்தில் இன்னொரு குழந்தை இருந்தபோது சிரித்தார்கள். ஆகவே பேரன் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். கடைசிச் சொல் வெளியே வருவதற்குள் சிரிப்பில் கரைந்துபோகாமல் இருந்தால் போதும்.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? விடுகதையிலிருந்து தொடங்கலாம் என்பேன். விடையை மறைப்பது அதன் வடிவத்திலேயே இருக்கிறது, குழந்தை தனியாக எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. மார்த்தா உல்ஃபன்ஸ்டைன் 1954-இல் குழந்தைகளின் நகைச்சுவை பற்றி எழுதிய நூலில், ஆறு வயதை ஒட்டிப் பிள்ளைகள் புதிர்க் கேள்வி ஜோக்குகளைத் தேடித்தேடிச் சேகரிப்பதைப் பதிவு செய்திருக்கிறார். நம் ஊர்ப் பள்ளிகளில் கடி ஜோக் பரவும் வேகமும் அந்த வயதில்தான் தொடங்குகிறது. “குளத்துல நீந்துறது வாத்து. ஸ்கூல்ல பாடம் நடத்துற வாத்து எது? வாத்தியார்!” ஓசை ஒற்றுமையை வைத்து விளையாடும் இந்த ரகம்தான் முதலில் வசப்படுகிறது.

கதை ஜோக்குக்கு வந்தால், அதை முதலில் முழுசாகச் சொல்லிக் குழந்தையைச் சிரிக்க வையுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: “இதுல எந்தச் சொல் முன்னாடியே வெளியே வந்துட்டா ஜோக் கெட்டுப்போகும்?” பெரும்பாலான ஏழு வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் யோசித்து ‘ஹெல்மெட்’ என்று சொல்லிவிடுவார்கள். அது ரகசியச் சொல். இனி விளையாட்டு இதுதான்: அவன் சொல்ல வேண்டும், நீங்கள் ரகசியத்தை நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கு ஒரு புள்ளி, கடைசிவரை காப்பாற்றிவிட்டால் அவனுக்கு. அடுத்த சுற்றில் எதிர்க் கேள்வி: “எதைச் சொல்லாம விட்டா பாட்டிக்குப் புரியாது?” யானைக்குக் காயம் பட்டதை மட்டும் சொல்லி, எறும்புக்கு ஒன்றும் ஆகாததை விட்டுவிட்டால் ஹெல்மெட்டுக்கு வேலையே இல்லை. ஒன்றை ஒளிக்க வேண்டும், மற்றதை எல்லாம் தெளிவாக வைக்க வேண்டும். சைக்கிளின் நிறம், அது யாருடைய சைக்கிள், எந்தத் தெரு என்பதெல்லாம் கதைக்கு வேண்டாதவை என்பதும் இந்த விளையாட்டில் தானாகவே தெரிந்துவிடும்.

பிறகு, கேட்டே இராத ஒருவரிடம் அவனை அனுப்புங்கள். தாத்தா, எதிர்வீட்டு அத்தை, காய்கறி கொண்டுவரும் அண்ணன், யாராக இருந்தாலும் சரி. ஏற்கெனவே கேட்டவரிடம் திரும்பச் சொல்வதில் மகிழ்ச்சி உண்டு, பயிற்சி இல்லை. தெரியாத ஒரு முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது. அந்த ஆள் சிரிக்கவில்லை என்றால் ‘ஏன் சிரிக்கலே’ என்று விளக்கம் சொல்லப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். விளக்கம் சொல்லிச் சிரிப்பு வாங்கியவர் எவரும் இல்லை. அடுத்த ஜோக்குக்குப் போய்விடலாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களும் இருப்பார்கள், நம் ஊரில் எதற்கும் மதிப்பெண் கேட்பார்கள். சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா யூல், சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளை வாரக்கணக்கில் ஜோக்குகளின் இரட்டைப் பொருளைப் பற்றிப் பேசவைத்தார். அவர்களின் வாசிப்புப் புரிதல் உயர்ந்தது. ஒரு வாக்கியத்துக்கு நான் எடுத்துக்கொண்டது மட்டுமே பொருள் இல்லை என்ற சந்தேகம் வந்துவிட்டால், பாடப் புத்தகத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம் அல்லவா?

என்னை அதைவிடக் கவர்ந்தது ஸ்காட்லாந்தில் நடந்த வேறொரு வேலை. கிம் பின்ஸ்டெட், கிரேம் ரிச்சி இருவரும் 1990-களில் எடின்பரோவில் ஒரு மென்பொருள் எழுதினார்கள். ஒரே ஓசை கொண்ட சொற்களை அகராதியில் தேடி, கேள்வி பதில் வடிவில் கடி ஜோக் தயாரிக்கும் அது. பத்தாண்டு கழித்து அபர்டீன், எடின்பரோ, டண்டீ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அதைக் குழந்தைகளுக்கான கருவியாக மாற்றின. திட்டத்தின் பெயர் ‘ஸ்டாண்டப்’. யாருக்காக? பெருமூளை வாதத்தால் வாய் பேச முடியாமல், கணினிக் குரல் வழியே பேசும் பிள்ளைகளுக்காக. அப்படிப்பட்ட குழந்தையின் நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் கேட்பார்கள், அது ‘ஆமாம்’, ‘வேண்டாம்’, ‘தண்ணீர்’ என்று பதில் சொல்லும். பேச்சைத் தொடங்கும் வாய்ப்பே அரிது. சொல் விளையாட்டு என்பது கிட்டத்தட்டக் கிடையாது. இந்தக் கருவியில் குழந்தை ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஜோக் கிடைக்கும். கேள்வியை ஒரு பொத்தான் சொல்லும், பதிலை இன்னொரு பொத்தான் சொல்லும். எதிரே இருப்பவர் ‘தெரியலையே’ என்று சொல்லும்வரை இரண்டாவது பொத்தானை அழுத்தாமல் இருக்கலாம். அந்த இடைவெளி முழுக்க முழுக்கக் குழந்தையின் கையில் இருந்தது. ஆசிரியரும் பெற்றோரும் விடை தெரியாமல் காத்திருக்க, விடை தெரிந்த ஒரே ஆளாக அந்தப் பிள்ளை இருந்தது. ஜோக்குகளின் தரத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் படு மொக்கை. ஆனாலும் பிள்ளைகள் அவற்றை வீட்டிலும் பள்ளியிலும் அகப்பட்டவர்களிடமெல்லாம் போட்டுப் பார்த்தார்கள்.

விடை தெரிந்த ஆளாக இருப்பதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அது கெட்டுப்போகவும் கூடும். எள்ளலைத் தொல்காப்பியம் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை. நிறத்தையும் உடம்பையும் திக்கிப் பேசுவதையும் கேலி செய்யும் வசனங்களைத் தமிழ் சினிமா பிள்ளைகளுக்கு ஏராளமாகக் கொடுத்திருக்கிறது. எட்டு வயதுப் பையன் அதை வகுப்பில் எடுத்துவிடும்போது சிரிப்பு நிச்சயமாகக் கிடைக்கும், பஞ்ச் சரியாக விழுந்திருக்கும், சொன்ன விதமும் கச்சிதமாக இருக்கும். பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010-இல் முன்வைத்த கருத்துப்படி, ஏதோ ஒரு விதி மீறப்பட வேண்டும், அதே சமயம் அந்த மீறல் யாருக்கும் கெடுதல் இல்லாததாகத் தோன்றவும் வேண்டும், அப்போதுதான் சிரிப்பு. யாருக்குக் கெடுதல் இல்லை என்பதில்தான் வில்லங்கம். ஊருக்கே கெடுதல் இல்லாதது, கேலிக்கு ஆளான அந்த ஒரு பிள்ளைக்குக் கெடுதலாக இருக்கும். ‘அப்படிப் பேசாதே’ என்பதைவிட, ரகசியச் சொல் விளையாட்டில் கேட்ட அதே பாணிக் கேள்வி இங்கே உதவும்: “இந்த ஜோக்கை யார் இருக்கும்போது உன்னால சொல்ல முடியாது?” கேட்பவர் மனதை ஊகிக்கப் பழகிய பிள்ளை, இந்த மனதையும் ஊகிக்கும். சில நேரம் ஊகித்துவிட்டும் சொல்லும். அப்போது கண்டிக்கத்தான் வேண்டும்.

ஷுல்ட்ஸின் ஆய்வுகளில் கடைசியாக வந்து சேர்ந்த ஜோக் வகை, சொல்லில் இல்லாமல் வாக்கியத்தின் அமைப்பில் இரண்டு பொருள் ஒளிந்திருப்பது. அதற்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாகிவிடுகிறது. ஓசையில் தொடங்கி, சொல்லுக்கு வந்து, பிறகு வாக்கியத்துக்கு. அந்த வயதில் பிள்ளை ‘ஜோக் சொல்லட்டுமா’ என்று முன்னறிவிப்பு கொடுப்பதையும் நிறுத்திவிடுகிறது. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வந்து நிற்கும்.

“அப்பா, நம்ம பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு பழைய புத்தகக் கடை இருக்குல்ல?”

“ஆமா, இருக்கு.”

“அது எப்போ திறந்தாங்க?”

“போன மாசம்தாம்மா. ஏன்?”

“அப்புறம் எப்படிப்பா அது பழைய கடை?”